புதுக் கணனியும் மினுங்கும் திரையும்

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் மாதம் இரு தடவையாவது சென்று வரும் கிராமம் ஒன்றில், கடந்த ஐப்பசி மாதம் ஒரு வீட்டு விறாந்தையில் ஏறியபோது, மூலையிலிருந்த மேசையில் பழைய சேலையால் மூடப்பட்ட ஒரு பொருள் கண்ணில் பட்டது. சேலையை விலக்கிப் பார்த்தால் புத்தம் புதிய கணனி. திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. வயர்கள் எல்லாம் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அதை விக்கப் போறன் தங்கச்சி. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு ஆள் கேட்டிருக்கு" என்றார் வீட்டுக்கார அக்கா.

வாங்கி 11 நாட்கள்தான் ஆகியிருந்தன. கொடுத்த விலை 185,000 ரூபா. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். அக்கா (பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்) பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுப்பவர். 2009 இல் கணவரைத் தொலைத்து, ஒரு வயது மகனுடன் செட்டிகுளம் முகாமுக்குப் போய், அடுத்த ஆண்டு பிற்பகுதியில் ஊருக்குத் திரும்பியவர். கணவர் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை. அந்த மகன் இப்போது உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறான். கணனி இல்லாமல் அந்தப் பாடத்தைப் படிப்பது நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போன்றது. இரண்டு சீட்டை எடுத்து, ஒரு மாட்டை விற்று, நுண்கடன்காரரை வீட்டு வாசலுக்கு வர விடாமல் வாங்கிய கணனி அது. கடன் எடுக்காமல் வாங்கினேன் என்று சொல்லும்போது அவருக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அன்று அந்த நிமிர்வைக் காணவில்லை.

"என்ன பிழை?" என்று கேட்டேன்.

"கேம் போட்டால் திரை மினுங்குது. கண்ணை வெட்டி வெட்டி முழிக்கிற மாதிரி. படிக்க எண்டு வாங்கிக் குடுத்தது, உவன் விளையாடிப் பழுதாக்கிப் போட்டான்."

மகன் குசினி வாசலில் நின்றான். நான் பழுதாக்கவில்லை என்றும் சொல்லவில்லை, விளையாடவில்லை என்றும் சொல்லவில்லை. தாயும் மகனும் நான்கு நாட்களாகப் பேசிக்கொள்வதில்லை என்பது தேநீர் வந்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். மகன் இரவில் விளையாடும்போது விறாந்தைச் சுவரில் வெளிச்சம் வந்து வந்து போகும். "பரா வெளிச்சம் மாதிரி இருக்கும் தங்கச்சி. நித்திரையில எழும்பினால் நான் எங்க இருக்கிறன் எண்டு விளங்க ஒரு நிமிசம் செல்லும்." பரா வெளிச்சத்தின் கீழ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய சகோதரிகளுக்கு இதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, விளையாட்டின்போது திரை மினுங்குவது ஒரு விளையாட்டுப் பிள்ளையின் முறைப்பாடாகத் தெரியலாம். அந்த வீட்டில் அது 185,000 ரூபாவாகவும், ஒரு தாயின் நித்திரையாகவும், மகன்மீதான நம்பிக்கையாகவும் இருந்தது.

கடைக்குப் போன இரண்டு தடவைகள்

அக்கா ஏற்கனவே இரண்டு முறை கடைக்குப் போயிருந்தார். கணனியின் பெட்டியை உரப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். திரை உடைந்துவிடும் என்ற பயத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டார். கடையில் பெட்டியைத் தங்கள் திரையோடு இணைத்து ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினார்கள். மினுங்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மினுங்கியது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி கடையில் மினுங்கவில்லை.

இரண்டாம் முறை கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்களுக்கு முன்னால், "அம்மாவுக்கு உது விளங்காது, மகனை வரச் சொல்லுங்கோ" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். காசை எண்ணிக் கொடுத்தபோது விளங்கிய அம்மாதான் அவர். கணனியை விற்கும் யோசனை அந்தச் சிரிப்பிலிருந்துதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். ஆண் துணையின்றிக் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஏறி இறங்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சிரிப்புப் புதிதல்ல.

அதற்கிடையில் ஊரில் ஆளுக்கொரு விளக்கம். வைரஸ் ஏறிவிட்டது என்றார் ஒருவர். கரண்ட் ஏறி இறங்குகிறது, ஸ்டெபிலைசர் வாங்கு என்றார் மற்றவர். விளையாட்டுப் போட்டால் எந்தக் கணனியும் பழுதாகும் என்றார் பக்கத்து வீட்டு ஐயா. நல்ல கணனியை விளையாட்டு பழுதாக்காது. விளையாட்டு கணனியிடம் கடுமையான வேலை வாங்கும், அவ்வளவுதான். ஏற்கனவே ஒளிந்திருக்கும் குறை அப்போது வெளியில் தெரியும். பாரம் ஏற்றிய பிறகுதான் சைக்கிள் ரயரின் ஓட்டை தெரிவதுபோல. இதை அக்காவிடம் சொன்னபோது முதன்முறையாக மகன் குசினி வாசலிலிருந்து விறாந்தைக்கு வந்தான்.

கொப்பியில் எழுதச் சொன்னேன்

நான் கணனி திருத்துபவள் அல்ல. சமூகவியல் படித்தவள். ஆனால் ஒரு குடும்பத்தின் பிரச்சினையைப் பதிவு செய்யும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகள், எப்போது, எங்கே, எதன் பிறகு, எது இல்லாதபோது என்பவைதாம். காரணத்தைக் கடைசியில்தான் எழுதுவோம். அதே முறையில், திரை எப்போது மினுங்குகிறது, எப்போது மினுங்கவில்லை என்று மூன்று நாட்களுக்குக் கொப்பியில் எழுதும்படி மகனிடம் சொன்னேன். அக்காவிடம், மூன்று நாட்களுக்கு விற்க வேண்டாம் என்றும், பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். மாற்றிக் கேட்கும் நிலை வந்தால் பொருள் புதிதாகவே இருப்பது நல்லது.

மூன்றாம் நாள் கொப்பியில் இருந்தவை: எழுத்து வேலை செய்யும்போது மினுக்கம் இல்லை. பாட வீடியோ பார்க்கும்போது இல்லை. கணனியை ஆரம்பித்து வெறுந்திரையில் வைத்திருக்கும்போது இல்லை. கார் ஓட்டும் விளையாட்டில் மட்டும் உண்டு. அதிலும் பகற்காட்சியில் குறைவு, இரவுக் காட்சியில் அதிகம். விளையாட்டு தொடங்குமுன் "லோடிங்" என்று காத்திருக்கும் இடத்திலும், பல கார்கள் ஒன்றாக வந்து படம் இழுபடும் இடத்திலும் மிக அதிகம். ஃபிரிட்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி.

கடைசி வரி அக்கா சொல்லி எழுதப்பட்டது. மின்சாரம் பற்றிய சந்தேகம் அதோடு பெருமளவு போனது. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அது கடுமையாக ஏறி இறங்கினால் கணனி நின்று நின்று மீளத் தொடங்கும், வீட்டு லைற்றும் சேர்ந்து மங்கும். ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் இரவுக் காட்சியை மட்டும் தேடிப் பிடித்து மினுக்காது. வைரஸும் அப்படித்தான்.

மினுக்கம் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. படம் முழுவதன் வெளிச்சமும் கூடிக் குறைவது மினுக்கம். படம் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி இன்னொரு பக்கமும் விலகித் தெரிவது கிழிசல். படம் நின்று நின்று நகர்வது திக்கல். இவை மூன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரம் வேறு. கடைக்குப் போய் "திரை சரியில்லை" என்று சொல்வதைவிட, "வெளிச்சம் கூடிக் குறையுது, படம் வெட்டுப்படேல்லை" என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

போனில் வீடியோ எடுத்துக் கடைக்காரருக்குக் காட்டலாம் என்று முதலில் முயன்றோம். அதில் ஏமாந்தோம். போன் கமராவில் எடுத்தால் ஒழுங்கான திரையிலும் கறுப்புக் கோடுகள் ஓடுவதாகத் தெரியக்கூடும். ரியூப் லைற்றும் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் கமரா பிடித்துவிடும். பிறகு, அதே போனால் அதே இடத்திலிருந்து முதலில் எழுத்து வேலைத் திரையையும் அடுத்து விளையாட்டையும் தொடர்ந்து எடுத்தோம். இரண்டும் ஒரே வீடியோவில் இருந்தால் வித்தியாசம் மறைக்க முடியாதது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

அதன்பின் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நான்கு விடயங்களை ஒன்றாக மாற்றித் திரை சரியானால், எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை வந்தால் மறுபடி நான்கையும் செய்ய வேண்டும்.

முதலில் வயர். திரைக்குப் போகும் வயரைக் கழற்றி, இரு முனைகளையும் அழுத்திச் செருகினோம். தளர்ந்த வயர், தரமற்ற வயர் இரண்டும் மினுக்கத்துக்குப் பொதுவான காரணங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தோம். மாற்றமில்லை. தனியான கிராபிக்ஸ் காட் பொருத்திய கணனியாக இருந்தால், வயர் அந்தக் காட்டின் துளையில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பலர் தவறுதலாக மேலேயுள்ள மற்றத் துளையில் செருகிவிடுவார்கள். அக்காவின் கணனியில் தனிக் காட் இல்லை, படம் வரையும் பகுதி பிரதான சிப்பினுள்ளேயே இருந்தது. ஆகவே அந்தப் பிழைக்கு இடமில்லை.

அடுத்தது ட்ரைவர். இது திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருள். புதுக் கணனியில் கடைக்காரர் பழைய ட்ரைவரைப் போட்டு விடுவதும், விண்டோஸ் தானாக வேறொன்றைப் போட்டுக்கொள்வதும் நடக்கும். சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து புதியதை இறக்கிப் போட்டான் மகன். ஒரு டேட்டா காட் முடிந்தது. மினுக்கம் முடியவில்லை.

வெறுந்திரையிலேயே மினுங்கும் கணனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் "டாஸ்க் மனேஜர்" என்ற பெட்டி திறக்கும். திரையில் மற்றவை மினுங்கும்போது அந்தப் பெட்டியும் சேர்ந்து மினுங்கினால் பெரும்பாலும் ட்ரைவரில் கோளாறு. பெட்டி மட்டும் அசையாமல் நின்றால், வேறு ஏதோ ஒரு மென்பொருளின் வேலை. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்ட் நிறுவனமே சொல்லும் வழி இது. அக்காவின் வீட்டில் வெறுந்திரை மினுங்கவில்லை என்பதால் எங்களுக்கு இது உதவவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கையிருப்பு தீர்ந்தது. எனக்குத் தெரிந்த தகவல் தொழினுட்ப ஆசிரியை ஒருவருக்குப் போன் எடுத்துக் கொப்பியை அப்படியே வாசித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கடைக்குத் திரையையும் கொண்டு போனவையளோ?"

கொண்டு போகவில்லை. இரண்டு தடவையும் பெட்டி மட்டும்தான் பஸ் ஏறியது.

ஓட்டை வாளி

ஆசிரியை விளக்கியதை என்னால் இயன்ற அளவில் எழுதுகிறேன்.

திரையில் அசைவதாகத் தெரியும் படம் உண்மையில் அசையாத படங்களின் வரிசை. சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். விளையாட்டுக்கென விற்கப்படும் திரைகள் 144, 165 தடவை என்று புதுப்பிக்கும். இதைத்தான் ஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். ஆனால் விளையாட்டில் கணனி படம் வரையும் வேகம் ஒரே சீராக இராது. வெறும் வீதியென்றால் செக்கனுக்கு 70 படம் வரையும், பத்துக் கார்கள் வந்தால் 40 ஆகிவிடும். வரையும் வேகமும் புதுப்பிக்கும் வேகமும் ஒத்துப்போகாதபோது படம் வெட்டுப்படும். முன்னே சொன்ன கிழிசல் அதுதான்.

கிழிசலைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கணனி படம் அனுப்பும்போதெல்லாம் திரை புதுப்பிக்கட்டும், தன் இஷ்டத்துக்கு ஓடாமல் காத்திருக்கட்டும் என்பதே அந்த வழி. என்விடியா நிறுவனம் 2013 இல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃபிரீசிங்க் கொண்ட திரைகள் 2015 இல் விற்பனைக்கு வந்தன. இன்று விலை குறைந்த திரைகளிலும் ஃபிரீசிங்க் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் எல்லா வகைத் திரைக்கும் அது ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை.

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிறிய ஓட்டையுள்ள வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதில் மின்னேற்றம் நிரப்பப்படுகிறது, அடுத்த முறை வரும்வரை சிறிது சிறிதாகக் கசிகிறது. ஒரே சீரான இடைவெளியில் நிரப்பினால் நீர்மட்டம் எப்போதும் ஒரே மாதிரித் தெரியும். இடைவெளி கூடிக் குறைந்தால் மட்டமும் ஏறி இறங்கும். மட்டம் ஏறி இறங்குவதுதான் வெளிச்சம் ஏறி இறங்குவது. வி.ஏ. என்ற வகைத் திரைகளில் இது கூடுதலாகத் தெரியும், இருண்ட சாம்பல் நிறங்களில் மிகக் கூடுதலாகத் தெரியும். அக்காவின் வளைந்த திரை வி.ஏ. வகை. இரவுக் காட்சியில் மினுக்கம் அதிகம் என்று கொப்பியில் இருந்ததன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தகைய பல திரைகளில் இந்த வசதி 48 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் நேரடியாக வேலை செய்யும். கணனி 49 படம் வரையும்போது திரையும் 49 தடவை புதுப்பிக்கும். கணனி தடுமாறி 47 க்கு இறங்கினால், திரை ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டத் தொடங்கும். 49 இல் இருந்த வேகம் ஒரேயடியாக 94 க்குப் பாயும். மறு கணம் கணனி 50 க்கு ஏறினால் திரை 94 இலிருந்து 50 க்கு விழும். அக்காவின் கணனியோ தனிக் காட் இல்லாதது, 40 க்கும் 70 க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. எல்லைக்கோட்டில் நின்று அங்குமிங்கும் பாய்ந்தது அந்தத் திரை. கடையில் இருந்த திரை ஒரே வேகத்தில் ஓடும் சாதாரணத் திரை. அதில் மினுங்க வாய்ப்பே இல்லை.

பெட்டியும் பழுதில்லை, திரையும் பழுதில்லை. இரண்டும் அந்த விளையாட்டில் சேர்ந்தபோது ஒத்துப்போகவில்லை.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். திரையின் அடியில் கைவைத்தால் தட்டுப்படும் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் ஃபிரீசிங்க் என்பதை நிறுத்தினான் மகன். சில திரைகளில் அது "அடப்டிவ் சிங்க்" என்ற பெயரில் இருக்கும். விளையாட்டைத் தொடங்கி இரவுக் காட்சிக்குப் போனான். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் அசையவில்லை. அக்கா திரையைப் பார்க்காமல் பின்சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதை நிறுத்தினால் பழைய கிழிசல் திரும்பி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு விளையாட்டின் அமைப்புகளிலுள்ள வி-சிங்க்கை இயக்கி, படங்களின் உச்ச வேகத்தை 60 என்று கட்டுப்படுத்தி, திரையின் வேகத்தையும் விண்டோஸில் 60 ஆக வைத்தோம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று வரிசையாகப் போனால் அந்த இடம் வரும். நிழல், புல் போன்றவற்றின் தரத்தையும் குறைத்தோம். கணனிக்குச் சுமை குறைந்தால் வேகம் சீராகும். கார் கொஞ்சம் அழகு குறைந்துவிட்டது என்று மகன் குறைப்பட்டான்.

மூன்றாம் தடவை

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா கடைக்கு மீண்டும் போக வேண்டும் என்றார். இம்முறை ஓட்டோ பிடித்து, பெட்டியையும் திரையையும் கொப்பியையும் கொண்டு போனோம். மகன் ஃபிரீசிங்க்கை இயக்கி மினுக்கத்தைக் காட்டினான், நிறுத்தி நின்றதைக் காட்டினான். கடையில் வேலை செய்யும் இளைஞன் தானும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். அவனுக்கும் இது புதிதாக இருந்தது. முதலாளி சிரிக்கவில்லை. மேலதிகமாக ஆறாயிரம் ரூபா தந்தால் வேறு வகைத் திரை மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"நிப்பாட்டினால் நிக்கிற மினுக்கத்துக்கு நான் ஏன் ஆறாயிரம் தரவேணும்?" என்று கேட்டார் அக்கா. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் குறையைக் காட்டிய திகதியையும் திரையின் தொடர் இலக்கத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். எனக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை.

என் கருத்துப்படி இதில் கடைக்காரர் பழுதான பொருளை விற்றவர் அல்ல. ஆனால் வாடிக்கையாளர் இரண்டு தடவை நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில் வந்தபோது, எந்தத் திரையில் மினுங்குகிறது என்று கேட்க அவருக்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

எல்லா மினுக்கமும் இப்படி வீட்டிலேயே தீராது. விளையாட்டு இல்லாத நேரத்திலும் மினுங்கினால், நிறக் கட்டங்களோ அசையாத கோடுகளோ தோன்றினால், வேறு வயர் போட்டும் நிற்காவிட்டால், பாரமான விளையாட்டில் கணனி கறுத்து அணைந்துபோனால், அது உண்மையான பழுதாக இருக்கலாம். மின் வழங்கிப் பெட்டியின் வலு போதாமை, அதிக சூடு, சரியாகப் பொருந்தாத நினைவகம் என்று காரணங்கள் பல. அப்போது நீங்கள் பெட்டியைத் திறக்காதீர்கள். உத்தரவாத ஸ்ரிக்கரைக் கிழித்தால் கடைக்காரருக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். எதில் பழுது என்று பிரித்தறிய, திரையை வேறொரு கணனியிலும், கணனியை வேறொரு திரையிலும் மாற்றிப் பாருங்கள். எது போன இடத்துக்கெல்லாம் மினுக்கம் கூடப் போகிறதோ அதுதான் நோயாளி.

வாங்கும் நாளிலேயே பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். உத்தரவாதம் தந்த பொருளுக்கு அவர் பொறுப்பேற்க மறுத்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. பொருள் வாங்கிய மூன்று மாதங்களுக்குள் முறையிடுவது அவசியம். ஆகவே "இன்னும் ரெண்டு கிழமை பாப்பம்" என்று கடைக்காரர் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாட்காட்டியைப் பாருங்கள்.

வீட்டில் வலிப்பு வருத்தம் இருந்தால்

அக்காவுடன் அவரின் தங்கையும் வசிக்கிறார். 2009 இல் தலையில் எறிகணைச் சிதறல் பட்டவர், வலிப்புக்கு மாதாமாதம் கிளினிக் மருந்து எடுப்பவர். திரை மினுங்கினால் வலிப்பு வரும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவர் விறாந்தைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். எங்கள் பகுதியில் இந்த நிலையில் பல பெண்கள் இருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

அந்தப் பயத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1997 டிசம்பர் 16 ஆம் திகதி ஜப்பானில் போக்கிமொன் என்ற சிறுவர் தொலைக்காட்சிப் படத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னிய காட்சியைப் பார்த்து ஏறத்தாழ 685 பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். செக்கனுக்கு 3 முதல் 30 தடவை வரையான மின்னல்தான் பொதுவாக ஆபத்தானது. ஆனால் வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்குத்தான் வெளிச்சத்தால் வலிப்புத் தூண்டப்படுகிறது. தலைக்காயத்தால் வலிப்பு வந்தவர் எல்லோரும் திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு எப்படி என்று கிளினிக்கில் வைத்தியரிடமே கேளுங்கள்.

அப்படிப்பட்டவர் உள்ள வீட்டில் இருட்டறையில் கணனி போட வேண்டாம். லைற்றை எரியவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, தள்ளி இருந்து பார்க்கட்டும். மின்னும்போது ஒரு மாதிரியாக இருந்தால் ஒரு கண்ணைக் கையால் முழுதாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். வலிப்பு வந்துவிட்டால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

விளையாட்டு விடயத்தில் தாயும் மகனும் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பின் விளையாட்டு இல்லை. சூட்டுச் சத்தம் வரும் விளையாட்டு அந்த வீட்டில் எந்த நேரமும் இல்லை. மகனுக்கு இதில் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். சக மாணவர்கள் எல்லோரும் அதைத்தான் விளையாடுகிறார்கள் என்றான். பதினேழு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி விளையாடுவதை நான் குற்றமாகப் பார்ப்பதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். கிரிக்கெட் மட்டையோடு போனால் யாரும் கேட்பதில்லையே. அவர் பதில் சொல்லவில்லை.

கடந்த மாதம் போனபோது சேலை மேசையில் இல்லை, பிளாஸ்டிக் தாளும் உரிக்கப்பட்டிருந்தது. பின்னேரம் நாலரை மணி. மகன் விளையாடிக்கொண்டிருந்தான், அக்கா தையல் மெஷினில் இருந்தபடியே திரையைக் கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென மெஷினை நிறுத்தினார்.

"அந்தா, குறுக்கால ஒரு கோடு போகுது."

"அது மினுக்கம் இல்லையம்மா. அது கிழிசல். அது வேற."

"வேற எண்டால் வேற எண்டு கொப்பியில எழுது. நேரத்தையும் போடு" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.